தப்பியோட முயன்ற புனிதர்



பங்குத்தந்தையரின் பாதுகாவலராகிய புனித யோண் மரிய வியான்னி, தம் பங்கை விட்டு மூன்று முறை வெளியேற முயன்றவர் என்பதை அறிவீர்களா?

1786ஆம் ஆண்டு பிரான்ஸ் நாட்டின் தார்டில்லியில் விவசாயக் குடும்பத்தில் பிறந்த அவர், இலத்தீன் மொழியோடு பெரிதும் போராடி 1815இல் குருவானார். 1818இல் ஆர்ஸ் என்னும் சிற்றூரின் பொறுப்பு அவரிடம் ஒப்படைக்கப்பட்டது. காலப்போக்கில், அவரிடம் பாவசங்கீர்த்தனம் செய்வதற்கென நாடெங்குமிருந்து மக்கள் திரண்டனர். அவித்த உருளைக்கிழங்கே பலநாள் அவரது உணவு. இரவில் சில மணித்தியாலங்களே உறக்கம். எஞ்சிய பொழுதெல்லாம் பிறருடைய பாவச் சுமைகளைக் கேட்பதிலேயே கழிந்தது.

1840இல் ஓரிரவு ஊரை விட்டுப் புறப்பட்டவர், வழியிலேயே மனம் மாறித் திரும்பினார். 1843இல் கடும் நோயினின்று எழுந்தபின் தம் சகோதரரின் இல்லம் சென்றார். மக்கள் அங்கும் அவரைத் தேடி வந்தனர். 1853இல் மூன்றாம் முறை புறப்பட்டபோது ஆலய மணி ஒலிக்க, ஊரார் கூடி வழிமறித்தனர். தனிமையில் செபித்துத் தம் பாவங்களுக்காக அழ வேண்டும் என்பதே அவரது ஏக்கம். ஆயினும் ஒவ்வொரு முறையும் திரும்பி வந்து, 1859 ஓகஸ்ட் 4ஆம் திகதி ஆர்ஸிலேயே உயிர்நீத்தார். 1925இல் திருச்சபை அவரைப் புனிதராக உயர்த்தியது.

களைப்பு விசுவாசக் குறைவன்று, புனிதரும் களைத்தார். மணியடித்து அவரைத் தடுத்தவர்கள் அவரை நேசித்தவர்களே. ஆனால், அவர் உறங்கினாரா, உண்டாரா என்று அவர்களுள் எத்தனைபேர் கேட்டிருப்பர்? நிலையான உதவிக் குரு ஒருவர் 1845இலேயே அவருக்குக் கிடைத்தார். அதற்குள் இருபத்தேழு ஆண்டுகள் கடந்துவிட்டன.

உங்கள் பங்கையும் சற்று எண்ணிப் பாருங்கள். ஞாயிறுதோறும் ஓய்வின்றி உழைக்கும் மறையாசிரியர், பாடகர் குழுவை ஒற்றையாளாய்த் தாங்குபவர், ஒரே நாளில் பல ஆலயங்களில் திருப்பலி நிறைவேற்றும் குரு ஆகியோரிடம் நாம் கேட்பது இன்னுமொரு பணியையா, அல்லது அவர்களுடைய நலத்தையா? உண்ணவும் நேரமின்றி உழைத்த சீடரைத் தனிமையான இடத்திற்கு அழைத்து ஓய்வெடுக்கச் செய்தவர் நம் ஆண்டவர். இந்த வாரம் அவர்களுள் ஒருவருடைய பணியில் ஒன்றையேனும் நீங்கள் ஏற்றுக்கொள்ளுங்கள். களைத்திருப்பவர் நீங்களாயின், அதை வெட்கமின்றிச் சொல்லி உதவி கேளுங்கள். சுமையைப் பகிர்வதும் செபமே.