கண்ணாடியைத் தேய்த்த பேராசிரியர்

பாரிஸ் நகருக்குத் தென்கிழக்கே, பழைய கோட்டை மதிலுக்கும் ரோஜாப் பூவுக்கும் பேர்போன ஊர் ப்ரொவேன். அங்கே 1878-ம் வருஷம் செப்டம்பர் 19-ந் தேதி பிறந்தவர் ஷார்ல் மோகேன். படிக சாஸ்திரம் படிக்கும் மாணவர் எந்த தேசத்தவரானாலும் இவர் பெயரைத் தெரிந்துகொள்ளாமல் தப்ப முடியாது. படிகங்களின் சமச்சீரைக் குறிக்க உலகமெங்கும் வழங்குபவை ஹெர்மான்-மோகேன் குறியீடுகள். ஆனால் நம் வீட்டுக் கால்குலேட்டருக்கும் கைக்கடிகாரத்துக்கும் அவர் செய்த உபகாரம் வேறு. அதைத்தான் பலரும் மறந்துவிட்டார்கள்.

ஆரம்பப் பள்ளி உபாத்தியாயராக வாழ்க்கையைத் தொடங்கியவர் மோகேன். மேலே படிக்க வேண்டும் என்ற வேட்கை அவரைப் பாரிஸுக்கு இழுத்து வந்தது. அங்கே பியர் க்யூரி சமச்சீரைப் பற்றி நிகழ்த்திய பிரசங்கங்களைக் கேட்டார். ரசாயனத்தில் 1910-ல் டாக்டர் பட்டம் பெற்றாலும், மனம் படிகங்களிடமே போய்விட்டது.

அப்போது ஐரோப்பிய விஞ்ஞானிகளிடையே ஒரு சச்சரவு நடந்துகொண்டிருந்தது. சில பொருள்கள் உருகிய பிறகும் படிகத்தைப் போலவே ஒளியோடு விளையாடுகின்றன என்றார் ஜெர்மானியப் பேராசிரியர் ஓட்டோ லேமான். அவற்றுக்குத் திரவப் படிகம் என்றும் பெயரிட்டார். திரவமாவது, படிகமாவது என்று பரிகசித்தவர்கள் உண்டு. ஏதோ அழுக்குக் கலந்த கலவை என்று சொன்ன பெரியவர்களும் உண்டு. லேமான் 1909-ல் பாரிஸுக்கே வந்து தம் பொருள்களைக் காட்டினார். வாதம் செய்வதைவிடச் சோதித்துப் பார்ப்பதே மேல் என்று இறங்கியவர்களில் மோகேனும் ஒருவர்.

அவர் எடுத்துக்கொண்ட பொருள்களில் ஒன்று அஸாக்ஸி அனிஸோல். ஏறக்குறைய 118 டிகிரி முதல் 135 டிகிரி சென்டிகிரேடு வரைதான் அது திரவப் படிகமாக இருக்கும். ஆகவே சூடேற்றிக்கொண்டே மைக்ராஸ்கோப்பில் பார்க்க வேண்டும். இரண்டு கண்ணாடித் தகடுகளுக்கு நடுவே அதைப் பரப்பினால், சாதாரணமாகத் திட்டுத் திட்டாகக் குழம்பித் தெரியும். கண்ணாடியை முதலில் ஒரே திசையில் தேய்த்துவிட்டால் குழப்பம் போய்விடுகிறது! குச்சி போன்ற மூலக்கூறுகள் யாவும் தேய்த்த திசையிலேயே படுத்துவிடுகின்றன. 1911-ல் மோகேன் வெளியிட்ட விஷயம் இது. ஒரு தகட்டை மெள்ளத் திருகினால் நடுவிலுள்ள மூலக்கூறுகள் சுழற்படிக்கட்டைப் போல் படிப்படியாகத் திரும்புவதையும், ஊடே செல்லும் ஒளியின் அதிர்வுத் திசையும் அவற்றோடு திரும்புவதையும் அவர் காட்டினார். இதற்கு வேண்டிய நிபந்தனைக்கு இன்றும் அவர் பெயரே வழங்குகிறது.

இத்தனை அழகான வித்தைக்கு அன்று ஒரு பிரயோஜனமும் இல்லை. மோகேனும் எக்ஸ்-கதிர் ஆராய்ச்சிக்குப் போய்விட்டார். அப்பிரகத்தின் அமைப்பை ஆராய்ந்தார். 1933-ல் ஸார்போனில் தாதுவியல் பேராசிரியரானார். 1936-ல் பிரெஞ்சு விஞ்ஞான அகாடமியின் உறுப்பினரானார். 1958 ஏப்ரல் 25-ந் தேதி தமது எண்பதாவது வயதில் காலமானார்.

அதன் பிறகு பன்னிரண்டே வருஷம். 1970-ல் ஸ்விட்ஸர்லாந்தின் பாஸல் நகரில் ஷாட், ஹெல்ஃப்ரிச் என்ற இருவர் அந்தச் சுழற்படிக்கட்டையே எடுத்துக்கொண்டார்கள். அமெரிக்காவில் ஃபெர்கஸனும் அதே யோசனைக்கு வந்து சேர்ந்தார். ஒன்றுக்கொன்று குறுக்காகத் தேய்த்த இரு தகடுகளின் நடுவே மூலக்கூறுகள் 90 டிகிரி திரும்பி நிற்கும். ஒளியும் அவற்றோடு திரும்பி, வெளியேயுள்ள வடிகட்டியைக் கடந்துவிடும். சிறிது மின்சாரம் கொடுத்தால் மூலக்கூறுகள் எழுந்து நிற்கும், திருப்பம் கலையும், ஒளி தடைபடும். கறுப்பு எண் தோன்றுவது இப்படித்தான்.

தொழிற்சாலைக்கு வெறுங் கண்ணாடி போதவில்லை. அதன்மேல் பாலிஇமைடு என்னும் பிளாஸ்டிக்கை மயிரிழையைவிடப் பன்மடங்கு மெல்லிய ஏடாகப் பூசி, சூட்டில் இறுக்கி, வெல்வெட் போன்ற துணி சுற்றிய உருளையால் தேய்த்தார்கள். தேய்ப்பதால் விழும் நுண்ணிய கீறல்களே மூலக்கூறுகளை வழிநடத்துகின்றன என்று முதலில் எண்ணினார்கள். 1972-ல் பெர்ரமன் அதற்குக் கணக்கும் போட்டுக் காட்டினார். கீறல் மட்டும் காரணமல்ல என்பது பிற்பாடு விளங்கிற்று. துணி உரசும்போது ஏட்டின் மேற்பரப்பிலுள்ள நீண்ட பிளாஸ்டிக் சங்கிலிகள், சீப்பால் வாரிய தலைமயிரைப் போல் ஒரு திசையில் நீண்டு படுக்கின்றன. பக்கத்திலுள்ள திரவப் படிகம் அந்தச் சங்கிலிகளைப் பார்த்தே வரிசை கட்டுகிறது. மேற்பரப்புச் சங்கிலிகள் இப்படிப் படுத்திருப்பதை 1995-ல் எக்ஸ்-கதிர்ச் சோதனை காட்டியது. அது மோகேன் தம் பிற்காலத்தில் கைக்கொண்ட கருவியல்லவா!

தேய்ப்பதில் இன்னொரு லாபமும் உண்டு. மூலக்கூறுகளின் ஒரு முனை சில டிகிரி மேலே தூக்கி நிற்கிறது. அதனால் மின்சாரம் வந்ததும் எல்லாம் ஒரே பக்கமாக எழுகின்றன; இல்லாவிட்டால் சில இப்புறமும் சில அப்புறமும் எழுந்து, படம் கறைபடும். நஷ்டமும் உண்டு. துணியிலிருந்து தூசி உதிரும். உரசலால் நிலைமின்சாரம் சேரும். அதனால் பெரிய டெலிவிஷன் திரைகளைச் செய்யும் தொழிற்சாலைகள் சில, துணியை விட்டுவிட்டுப் புறஊதாக் கதிரால் மூலக்கூறுகளை வரிசைப்படுத்தத் தொடங்கியிருக்கின்றன. பிற திரைகள் பலவற்றுக்கு இன்னமும் துணி உருளைதான்.