பத்துக் கிலோபைட்

ஜாசின் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவரின் மகன் நான். இன்று ஒரே சர்வருக்குள் பல மெய்நிகர் கணினிகளைப் பராமரிக்கிறேன். கணினியை நம்மவர் பயன்படுத்தலாம், உருவாக்க முடியாது என்றுதான் வெகுநாள் நினைத்திருந்தேன். ஆர். நரசிம்மனைப் பற்றிப் படிக்கும்வரை!

1926-இல் சென்னையில் பிறந்தவர். அமெரிக்காவில் கணித முனைவர் பட்டம் பெற்று, 1954-இல் பம்பாய் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகத்தில் சேர்ந்தார். அங்கே ஒரு சிறு குழுவோடு டிஃப்ராக் கணினியை உருவாக்கினார். 1960-இல் அது பயன்பாட்டுக்கு வந்தது. அதன் காந்த வளைய நினைவகத்தில் 40 பிட் அளவுள்ள 2048 கணினிச் சொற்களே அடங்கின. கணக்கிட்டுப் பார்த்தேன், வெறும் பத்துக் கிலோபைட்! அதில்தான் ஆராய்ச்சிக் கணக்குகள் ஓடின.

1977-இல் பத்மஸ்ரீ பெற்றார், 2007-இல் மறைந்தார்.

நேற்று ஒரு மாணவர் வட்டில் இடம் போதவில்லை என்று கேட்டு வந்தார். கொடுத்தேன். டிஃப்ராக் கதையையும் சொல்லித்தான் அனுப்பினேன்.