ஒன்பதாம் இடம் பெற்ற மாமனிதர்

முன்னுரை

மண்ணில் பிறப்போர் பலர், மறைவோர் பலர். மறைந்த பின்னும் மக்கள் மனத்தில் வாழ்வோர் மிகச் சிலரே. அச்சிலருள் ஒருவர் நம் முன்னாள் குடியரசுத் தலைவர் டாக்டர் ஆ. ப. ஜை. அப்துல் கலாம் அவர்கள். 2015-ஆம் ஆண்டில் அவர் மறைந்தபோது நாங்கள் விவரம் அறியாக் குழந்தைகள். ஆயினும் எங்கள் பழவேற்காட்டு ஏரிக்கரைக் குப்பங்களில் அவர் பெயரை அறியாதார் இல்லை.

அதற்குக் காரணம் உண்டு. எங்கள் ஏரிக்கும் வங்கக் கடலுக்கும் நடுவே நீண்டு கிடப்பது ஸ்ரீஹரிகோட்டாத் தீவு. அங்கிருந்து ராக்கெட் ஏவும் நாளில் கடலுக்குப் போகக் கூடாது என்று முன்னதாகவே அறிவிப்பு வந்துவிடும். தோணிகள் கரையேறும். அன்றைய வரும்படி போயிற்றே என்று எங்கள் தந்தையர் முணுமுணுப்பார்கள். நாங்களோ மொட்டை மாடிகளில் ஏறி நின்று வடக்கே பார்த்துக்கொண்டிருப்போம். முதலில் ஒளி தெரியும். நெடுநேரம் கழித்தே ஓசை வந்து தகரக் கூரைகளை அதிர வைக்கும்.

எங்கள் வகுப்பில் ஒரு தோழி இருக்கிறாள். இந்திய விமானப் படையில் விமானியாக வேண்டும் என்பது அவள் ஆசை. காலாண்டுத் தேர்வில் அவள் கணக்கில் தோற்றுவிட்டாள். அதன் பின் அவள் எங்களோடு பேசுவதையே குறைத்துக்கொண்டாள். வலைக்காரன் மகளுக்கு வானம் எதற்கு, இறால் கூடையே போதும் என்று ஒருநாள் சொன்னாள். நாங்கள் என்ன சொல்லியும் அவள் தேறவில்லை. இதையறிந்த எங்கள் வகுப்பாசிரியை, கலாம் அவர்களின் வாழ்க்கையைப் படித்து எழுதி வருமாறு எங்களைப் பணித்தார். அவ்வாறு நாங்கள் கற்றறிந்ததே இக்கட்டுரை.

கடற்கரைச் சிறுவன்

கலாம் 1931-ஆம் ஆண்டு அக்டோபர் 15-ஆம் நாள் இராமேசுவரத்தில் பிறந்தார். தந்தையார் ஜைனுலாப்தீன், தாயார் ஆஷியம்மா. யாத்திரிகர்களை ஏற்றிச் செல்ல ஒரு படகை அவர் தந்தையார் கடற்கரையிலேயே கட்டினார். மரம் படகாக மாறுவதைச் சிறுவன் கலாம் நாள்தோறும் அருகிருந்து பார்த்தார். பின்னர் ஒரு புயல் அப்படகைக் கொண்டுபோயிற்று. புயலில் படகை இழந்த வீட்டின் துயரம் எத்தகையது என்பதை எங்களுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை.

இரண்டாம் உலகப் போரின்போது இராமேசுவரத்தில் ரயில் நிற்பது நிறுத்தப்பட்டது. ஓடும் ரயிலிலிருந்து வீசப்பட்ட நாளிதழ்க் கட்டுகளைப் பொறுக்கி எடுத்துத் தம் உறவினருக்கு உதவியதே கலாம் ஈட்டிய முதல் ஊதியம்.

ஐந்தாம் வகுப்பில் அவருக்குப் பாடம் நடத்தியவர் சிவசுப்பிரமணிய ஐயர். பறவை எவ்வாறு பறக்கிறது என்பதைக் கரும்பலகையில் வரைந்து காட்டியும் மாணவர்களுக்கு விளங்கவில்லை. உடனே அவர்களைக் கடற்கரைக்கு அழைத்துச் சென்று, பறவைகள் சிறகடிப்பதையும் திசை திரும்புவதையும் நேரிலேயே காட்டினார். அன்று கலாமின் உள்ளத்தில் வானம் குடிபுகுந்தது. எங்கள் ஏரிக்கும் குளிர்காலத்தில் பூநாரைகள் வருகின்றன. அவை தண்ணீரில் பல அடி தூரம் ஓடிய பின்னரே மேலே எழும்புகின்றன. அதுவும் ஒரு விமானப் பாடந்தானே! இத்தனை ஆண்டுகளாக அதை நாங்கள் வெறும் வேடிக்கையாகவே பார்த்துவிட்டோம்.

கல்வியும் அக்காளின் வளையலும்

இராமநாதபுரம் ஷுவார்ட்ஸ் பள்ளியிலும், திருச்சியில் இயேசு சபைத் தந்தையர் நடத்தும் தூய வளனார் கல்லூரியிலும் கலாம் பயின்றார். இயற்பியலில் பட்டம் பெற்ற பின்னரே தமக்கு ஏற்றது விமானப் பொறியியல் என்று உணர்ந்தார். சென்னை குரோம்பேட்டையிலுள்ள எம்.ஐ.டி.யில் இடம் கிடைத்தது. ஆனால் சேருவதற்கு ஏறத்தாழ 1,000 ரூபாய் வேண்டும். அந்தப் பணம் வீட்டில் இல்லை. அவருடைய அக்காள் சோஹரா தம் தங்க வளையல்களையும் சங்கிலியையும் அடகு வைத்துப் பணம் கொடுத்தார். தம் சொந்தச் சம்பாத்தியத்தில் அவற்றை மீட்பேன் என்று கலாம் உறுதி பூண்டார். தம்பியின் படிப்புக்காக அக்காள் கழற்றிய வளையல் ஒரு நாட்டின் வரலாற்றையே மாற்றியது என்றால் மிகையாகாது.

எம்.ஐ.டி. வளாகத்தில் பழைய விமானங்கள் இரண்டு காட்சிக்கு வைக்கப்பட்டிருந்தன. மற்ற மாணவர்கள் விடுதிக்குத் திரும்பிய பின்னும் கலாம் அவற்றின் அருகிலேயே நெடுநேரம் அமர்ந்திருப்பாராம்.

டேராடூனில் நேர்ந்தது

பட்டம் பெற்று, பெங்களூர் இந்துஸ்தான் விமானத் தொழிற்சாலையில் பயிற்சியும் முடித்த கலாம் அவர்களுக்கு இரண்டு வாய்ப்புகள் வந்தன. ஒன்று டில்லியில் பாதுகாப்பு அமைச்சகத்தின் தொழில்நுட்பப் பிரிவில் வேலை. மற்றொன்று டேராடூனில் விமானப் படை அதிகாரிகள் தேர்வு. அவர் மனம் நாடியது இரண்டாவதைத்தான்.

டேராடூனில் ஏட்டறிவை மட்டும் பார்க்கவில்லை. ஒருவருடைய ஆளுமை, உடல் தகுதி, எண்ணத்தைச் சொல்லும் திறன் ஆகிய அனைத்தையும் எடை போட்டார்கள். வந்தவர்கள் 25 பேர். தேர்ந்தெடுக்கப்பட வேண்டியவர்கள் 8 பேர். முடிவு வந்தபோது கலாம் பெற்றிருந்தது 9-ஆம் இடம்! சிறுவயது முதல் கண்ட கனவு ஒரே ஓர் இடத்தில் நழுவிப் போயிற்று. கடைசியில் வந்தவருக்குக் கூட அத்தனை வேதனை இருந்திராது என்று எங்களுக்குத் தோன்றுகிறது. வாசல்வரை வந்து திரும்புவதல்லவா மிகவும் கொடியது!

மனம் உடைந்த கலாம் ரிஷிகேசத்திற்குச் சென்றார். கங்கையில் நீராடி, சுவாமி சிவானந்தரைக் கண்டு தம் துயரத்தைக் கூறினார். இந்தத் தோல்வியை மறந்து, தாம் எதற்காகப் பிறந்தோமோ அதைத் தேடுமாறு சுவாமிகள் அவரைத் தேற்றி அனுப்பினார். கலாம் டில்லிக்குத் திரும்பினார். அங்கே வேலைக்கான உத்தரவு காத்திருந்தது. அதை ஏற்று 1958-ஆம் ஆண்டில் முதுநிலை அறிவியல் உதவியாளராகச் சேர்ந்தார். அப்போது அவர் பெற்ற அடிப்படைச் சம்பளம் மாதம் 250 ரூபாய்.

தும்பாவும் ஸ்ரீஹரிகோட்டாவும்

சில ஆண்டுகளில் விண்வெளி ஆராய்ச்சிக் குழு அவரை அழைத்துக்கொண்டது. கேரளத்தில் தும்பா என்னும் மீனவக் கிராமத்தில் ராக்கெட் தளம் அமைக்க விக்ரம் சாராபாய் விரும்பினார். அவ்விடத்தில் புனித மகதலேனா மரியாள் ஆலயம் இருந்தது. மீனவர்களின் வீடுகளும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரைரா அவர்கள் ஞாயிறு வழிபாட்டில் மக்களிடம் இதைக் கேட்க, அவர்களும் ஒருமனதாக இசைந்து, தங்கள் ஆலயத்தையும் வாழ்ந்த நிலத்தையும் நாட்டுக்குக் கொடுத்தார்கள். அந்த ஆலயமே விஞ்ஞானிகளின் முதல் பணிக்கூடமாயிற்று. 1963-ஆம் ஆண்டு நவம்பர் 21-ஆம் நாள் அங்கிருந்து முதல் ராக்கெட் பறந்தது. ஏவும் நாளில் ஒருநாள் வரும்படி போவதற்கே வருந்தும் எங்களுக்கு, தும்பா மக்களின் தியாகம் பெருவியப்பை அளித்தது.

பின்னர் கலாம் எஸ்.எல்.வி.-3 என்னும் ராக்கெட் திட்டத்தின் இயக்குநரானார். அது 22 மீட்டர் உயரமும் 17 டன் எடையும் உடையது. ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்து 1979-ஆம் ஆண்டு ஆகஸ்டு 10-ஆம் நாள் அது ஏவப்பட்டது. ஆனால் இரண்டாம் கட்டத்தில் நேர்ந்த கோளாறினால், ஐந்து நிமிடங்களுக்குச் சற்று மேல் பறந்து வங்கக் கடலில் விழுந்தது. மீண்டும் ஒரு தோல்வி! அன்று பத்திரிகையாளர் முன் வந்து பொறுப்பைத் தாமே ஏற்றுக்கொண்டவர் தலைவர் சதீஷ் தவான். அடுத்த ஆண்டு, 1980 ஜூலை 18-ஆம் நாள், அதே எஸ்.எல்.வி.-3 ரோகிணி செயற்கைக்கோளைச் சுற்றுப்பாதையில் சேர்த்தது. அன்று தவான் ஒதுங்கிக்கொண்டு கலாமைப் பேசச் செய்தார். தோல்வியைத் தான் ஏற்று வெற்றியைத் தோழருக்குத் தந்த தவானின் பெயரை இன்று ஸ்ரீஹரிகோட்டா விண்வெளி மையம் தாங்கி நிற்கிறது.

கிடைத்தது வானம்

அதன் பின் அக்னி ஏவுகணை, 1997-இல் பாரத ரத்னா விருது, 2002-இல் குடியரசுத் தலைவர் பதவி என அவர் ஏறிய படிகளை அனைவரும் அறிவர். எங்கள் மனத்தில் நின்றது வேறொன்று. 2006-ஆம் ஆண்டு ஜூன் 8-ஆம் நாள் பூனா விமானத் தளத்தில், விமானியின் உடையணிந்து சுகோய்-30 போர் விமானத்தில் ஏறி, அரை மணி நேரத்திற்கு மேல் கலாம் பறந்தார். போர் விமானத்தில் பறந்த முதல் இந்தியக் குடியரசுத் தலைவர் அவரே. அப்போது அவருக்கு வயது 74. டேராடூனில் தேறாதவர் முப்படைகளின் தலைவராக விமானப் படையின் விமானத்தில் அமர்ந்தார்! 2015 ஜூலை 27-ஆம் நாள் ஷில்லாங்கில் மாணவர்களுக்கு உரையாற்றிக்கொண்டிருந்தபோதே அவர் உயிர் பிரிந்தது.

இன்றைய தேர்வு

எங்கள் தோழிக்காக இன்றைய தேர்வு முறையையும் விசாரித்தறிந்தோம். 2016-இல் மூன்று பெண்கள் முதன்முறையாகப் போர் விமானிகளாயினர். 2022-இல் தேசியப் பாதுகாப்பு அகாடமியில் பெண்கள் சேர்ந்தனர். அதன் எழுத்துத் தேர்வில் கணக்குக்கு 300 மதிப்பெண், பொதுத் திறனுக்கு 600 மதிப்பெண். விமானப் பிரிவுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் இயற்பியலும் வேதியியலும் கணக்கும் படித்திருக்க வேண்டும். பின்னர் ஐந்து நாள் அளவில் நேர்முகம், குழுப்பணி, மனவியல் சோதனைகள். அதன்பின் கணினி வழி விமானித் தகுதிச் சோதனை. கருவிகளின் முட்களைப் பார்த்து விமானத்தின் நிலையைச் சொல்லவும், கையும் காலும் கண்ணும் ஒன்றாக இயங்கவும் தெரிகிறதா என்று அதில் பார்க்கிறார்கள். இச்சோதனையை வாழ்நாளில் ஒருமுறைதான் எழுதலாம். தவறினால் விமானியாகும் வழி அங்கே அடைபட்டுவிடும்.

இதைப் படித்ததும் நாங்கள் அஞ்சினோம். இதை அவளிடம் சொல்வதா வேண்டாமா என்று எங்களுக்குள் வாதிட்டோம். இறுதியில் மறைக்காமல் சொன்னோம். அவள் வெகுநேரம் பேசவில்லை. பிறகு, கலாமுக்கும் ஒரு வழி அடைபட்டதுதானே என்று கேட்டாள்.

முடிவுரை

இப்போது அவள் தந்தையார் விடியுமுன் ஏரிக்குப் போகக் கிளம்பும்போது அவளும் எழுந்து கணக்குப் போடுகிறாள். மாலையில் நாங்கள் நால்வர் அவளுடன் அமர்கிறோம். அரையாண்டுத் தேர்வில் அவள் தேறிவிட்டாள். மதிப்பெண் பெரிதன்று, ஆயினும் எங்களுக்கு அது எஸ்.எல்.வி.-3 எழும்பியது போலவே இருந்தது.

அவள் விமானியாவாளோ, வேறொன்றாவாளோ, இறைவனே அறிவார். ஆனால் அவள் இறால் கூடையைத் தூக்க நேர்ந்தாலும் அது தோற்றதனால் அல்ல, தானே விரும்பியதனால் இருக்கும். உழைத்துப் பெற்ற ஒன்பதாம் இடம் இழிவன்று என்பதைக் கலாமின் வாழ்வு எங்களுக்குக் கற்பித்துவிட்டது. அன்புத் தோழியரே, பொதுத் தேர்வு நெருங்குகின்றது. நம்மில் சிலர் ஒன்பதாம் இடத்தில் நிற்கலாம். அன்று ஒருவரையொருவர் தேற்றி, அடுத்த நாளே எழுந்து நடப்போமாக!