செஸ் சபைக்குத் தலைவரான கணக்கு வாத்தியார்



நம்ம ஹாஸ்டலில் செஸ் போர்டு இல்லாத ரூம் குறைவு. ஆனால் அந்த ஆட்டத்தின் சட்டங்களை யார் போடுகிறார்கள், யாருக்கு எத்தனை ஓட்டு என்று கேட்டுப் பாருங்கள், பாதிப் பேர் முழிப்பார்கள். நானும் நூலகத்தில் தேடிப் படித்துத்தான் தெரிந்துகொண்டேன். படிக்கும்போது திரும்பத் திரும்ப ஒரு ஆள் வந்தார். மாக்ஸ் யூவே. உலக சாம்பியன், கணக்கு வாத்தியார், கம்ப்யூட்டர் புரொபசர், கடைசியில் உலக செஸ் சம்மேளனமான ஃபிடேயின் தலைவர். ஒரே ஆளுக்கு இத்தனை வேலை!

யூவே 1901-ஆம் ஆண்டு மே 20-ந் தேதி ஹாலந்தில், ஆம்ஸ்டர்டாமை ஒட்டிய ஊரில் பிறந்தார். கணிதத்தில் 1926-ல் டாக்டர் பட்டம். பிறகு ஆம்ஸ்டர்டாமில் ஒரு பெண்கள் பள்ளியில் கணக்கு சொல்லிக் கொடுத்தார். செஸ் அவருக்கு லீவு நாள் வேலைதான்.

1929-ல் அவர் செய்த காரியம் நம்மைப் போன்ற டிப்ளமோக்காரர்களுக்குப் பிடிக்கும். அப்போது ஒரு விதி இருந்தது. ஒரே நகர்த்தல் வரிசை அடுத்தடுத்து மூன்று தடவை வந்தால் ஆட்டம் டிரா. இதனால் எந்த ஆட்டமும் என்றாவது முடிந்தே தீரும் என்று எல்லோரும் நம்பினார்கள். யூவே நம்பவில்லை. 0 எழுதுங்கள், அதன் எதிர்மறை 1-ஐப் பக்கத்தில் எழுதுங்கள்: 01. அதற்கு எதிர்மறை 10, சேர்த்தால் 0110. மறுபடியும் எதிர்மறை சேர்த்தால் 01101001. இப்படியே போய்க்கொண்டிருந்தால் எந்தத் துண்டும் அடுத்தடுத்து மூன்று தடவை வரவே வராது. 0-க்கு ஒரு விதமான காய் நகர்த்தல், 1-க்கு வேறொன்று என்று வைத்துக்கொண்டால், சட்டத்தை மீறாமலேயே முடிவில்லாத ஆட்டம் ஆடலாம்! சட்டம் எழுதியவர்கள் பார்க்காத ஓட்டையைப் பார்ப்பது அவருக்குக் கைவந்த கலை.

1935-ல் அலெகைனோடு 30 ஆட்டம் ஆடி 15½ - 14½ என்று ஜெயித்து உலக சாம்பியன் ஆனார். அந்தக் காலத்தில் சாம்பியன் பட்டம் கிட்டத்தட்ட சொந்தச் சொத்து மாதிரி. யாரோடு மோதுவது, எப்போது மோதுவது, பணம் எவ்வளவு எல்லாம் சாம்பியன் இஷ்டம். யூவே நினைத்திருந்தால் இழுத்தடித்திருக்கலாம். 1937-லேயே அலெகைனுக்கு மறுவாய்ப்புக் கொடுத்தார், தோற்றார். 1946-ல் அலெகைன் பட்டத்தோடு இறந்துபோனதும் பட்டத்தை யாருக்குக் கொடுப்பது என்ற குழப்பம். அதற்குப் பிறகுதான் 1924-ல் பாரிசில் பிறந்த ஃபிடே பட்டத்தைத் தன் கையில் எடுத்து 1948-ல் ஐந்து பேர் போட்டி நடத்தியது. அதில் நம்ம வாத்தியார் கடைசி இடம். அதைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டாம்.

நடுவில் கம்ப்யூட்டர் கம்பெனி வேலை, 1964-ல் கம்ப்யூட்டர் துறைப் பேராசிரியர். 1970-ல் ஃபிடே தலைவராகும்போது வயது 69.

இங்கேதான் விஷயமே. ஃபிடேயில் ஒரு நாட்டுக்கு ஒரு ஓட்டு. 1948 முதல் 1972 வரை உலகப் பட்டத்தை வெளியே விடாத சோவியத் யூனியனுக்கும் ஒன்று, ஒரு கிராண்ட்மாஸ்டர்கூட இல்லாமல் புதுசாகச் சேர்ந்த நாட்டுக்கும் ஒன்று. நம்ம யூனியனில் 120 பேர் உள்ள மெக்கானிக்கலுக்கும் 30 பேர் உள்ள எங்கள் பிராஞ்சுக்கும் ஒரே ஒரு கிளாஸ் ரெப் என்பது போல. (மெக்கானிக்கல் நண்பர்கள் வருஷா வருஷம் இதற்குச் சண்டை போடுவதும், நாங்கள் விட்டுக்கொடுக்காததும் தெரிந்த கதை!) யூவே ஆசியா, ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா என்று சுற்றி நாடுகளைச் சேர்த்தார். அவர் நோக்கம் ஆட்டம் பரவ வேண்டும் என்பது. ஆனால் சேர்ந்த ஒவ்வொரு நாடும் ஒரு ஓட்டு. பெரிய நாடுகளுக்கு இது கசந்தது. இந்த ஓட்டுகளையெல்லாம் நாளைக்கு ஒருவர் மொத்தமாகத் திரட்டினால் என்ன ஆகும் என்பதை 0, 1 கணக்குப் போட்டவர் ஏன் யோசிக்கவில்லை என்பது எனக்கு இன்னும் புரியாத ஒன்று.

1972 ரெய்க்யவிக். ஸ்பாஸ்கிக்கு எதிராக ஆட வேண்டிய அமெரிக்கர் பாபி ஃபிஷர் தொடக்க விழாவுக்கே வரவில்லை. சட்டப்படி பார்த்தால் அவரை வெளியே அனுப்பியிருக்கலாம். யூவே போட்டியை இரண்டு நாள் தள்ளி வைத்தார். சோவியத் தரப்பு கொதித்தது. விதியை மீறியது உண்மைதான் என்று யூவே எழுதியே கொடுத்தார். எத்தனை தலைவர்கள் அப்படி எழுதித் தருவார்கள்? ஜூலை 11-ல் ஆட்டம் தொடங்கியது, ஃபிஷர் 12½ - 8½ என்று ஜெயித்தார்.

மூன்று வருஷம் கழித்து அதே ஃபிஷர் வேறு கணக்கோடு வந்தார். டிராவை எண்ணக் கூடாது, 10 வெற்றி எடுப்பவருக்கே பட்டம், ஆனால் 9 - 9 என்று வந்துவிட்டால் சாம்பியனே சாம்பியன். கேட்க நியாயமாகத்தான் இருக்கும். கொஞ்சம் யோசியுங்கள். சாம்பியன் 9 ஜெயித்தாலே பட்டம் பத்திரம். எதிர்த்து ஆடுபவர் 10 ஜெயிக்க வேண்டும், அதுவும் சாம்பியன் 8-ஐத் தாண்டுவதற்குள். அதாவது இரண்டு வெற்றி கூடுதல்.

1975 மார்ச்சில் ஹாலந்தின் பெர்கனில் சிறப்பு மாநாடு கூடியது. ஆட்டங்களுக்கு எண்ணிக்கை வரம்பு வேண்டாம் என்பதை ஒத்துக்கொண்டார்கள். 9 - 9 விதியை 35-க்கு 32 என்று தள்ளினார்கள். இரண்டே பேர் பக்கம் மாறியிருந்தால் முடிவு தலைகீழ். ஃபிஷர் ஆட வரவில்லை, ஏப்ரலில் கார்ப்போவ் சாம்பியன் என்று யூவே அறிவித்தார். 1972-ல் வளைந்து கொடுத்தவர் இப்போது ஏன் வளையவில்லை என்று கேட்பவர்கள் உண்டு. என் கருத்து இது: அப்போது வளைத்தது இரண்டு நாள், யாருடைய வாய்ப்பும் போகவில்லை. இப்போது சபை ஓட்டெடுத்துச் சொல்லிவிட்டது. அதைத் தலைவர் மீறினால் பிறகு ஓட்டு எதற்கு?

1976-ல் கோர்ச்னாய் ஆம்ஸ்டர்டாமில் வைத்து சோவியத்தை விட்டு வெளியேறினார். அவரை உலகப் பட்டத் தகுதிப் போட்டியிலிருந்து நீக்கச் சொல்லி அவர் தாய்நாட்டுச் சம்மேளனமே கேட்டது. யூவே மறுத்தார். 1978-ல் பிலிப்பைன்ஸின் பாகியோ நகரில் கார்ப்போவோடு மோதியது அதே கோர்ச்னாய்தான். 6 - 5 என்று தோற்றார். வல்லரசு ஒன்று ஒரு தனி ஆளை நசுக்கப் பார்த்தபோது சபையின் கதவைத் திறந்து வைத்திருந்ததைத்தான் யூவே வாழ்க்கையிலேயே பெரிசு என்பேன், 1935 பட்டத்தைவிட.

அந்த வருஷமே பதவியை விட்டார். 1981 நவம்பர் 26-ல் இறந்தார். அடுத்த வருஷம் லூசர்ன் மாநாட்டில் கம்போமானஸ், புதிய நாடுகளின் ஓட்டுப் பலத்தோடு தலைவரானார். வரம்பில்லாத ஆட்டம் என்ற விதி 1984-ல் கார்ப்போவ் - காஸ்பரோவ் போட்டியில் வேலையைக் காட்டியது. ஐந்து மாதம், 48 ஆட்டம், அப்போதும் யாருக்கும் 6 வெற்றி கிடைக்கவில்லை. 1985 பிப்ரவரியில் கம்போமானஸ் பாதியில் நிறுத்தினார். முடிவில்லாத ஆட்டம் சாத்தியம் என்று 1929-லேயே நிரூபித்தவர் அதைப் பார்க்க இல்லை.

ஒரு நாடு ஒரு ஓட்டு மட்டும் மாறவில்லை. 2022 ஆகஸ்டில் மாமல்லபுரத்தில் ஒலிம்பியாட் நடந்தபோது ஃபிடே தேர்தல் நம்ம சென்னையில்தான் நடந்தது. 157-க்கு 16 என்று துவார்க்கோவிச் மறுபடி தலைவர், நம்ம விஸ்வநாதன் ஆனந்த் துணைத் தலைவர். அன்றைக்கு ஓட்டுப் போட்ட நாடுகள் பலவற்றில் இன்னும் ஒரு கிராண்ட்மாஸ்டர்கூடக் கிடையாது. அவர்கள் ஓட்டும் ஒன்று, இந்தியா ஓட்டும் ஒன்று.