தோட்டாவின் வேகத்தை அளந்தவர் கடலூரில் இறந்தார்

போன செமஸ்டர் லீவுல ஒரகடம் பக்கம் ஒரு உதிரிபாகக் கம்பெனியில இன்டர்ன்ஷிப் பண்ணேன். குவாலிட்டி லேப்ல போட்டாங்க. அங்க ஒரு சார்பி மெஷின் இருந்தது. மெக்கானிக்கல் பசங்களுக்குச் சொல்லவே வேண்டாம், மத்தவங்களுக்காக: ஒரு கனமான சுத்தியல் ஊசல் மாதிரி மேலிருந்து ஆடி வந்து, நடுவுல நாட்ச் வெட்டின 10-க்கு 10-க்கு 55 மில்லிமீட்டர் இரும்புத் துண்டை உடைச்சுட்டு அந்தப் பக்கம் ஏறும். எவ்வளவு கம்மியா ஏறுதோ, அவ்வளவு எனர்ஜியைத் துண்டு வாங்கிக்கிச்சுன்னு அர்த்தம். டயலைப் பார்த்து ஜூல் கணக்குல ரிஜிஸ்டர்ல எழுதணும்.

ஒரு நைட் ஷிஃப்ட்ல ஆறு துண்டு உடைக்கணும். நாலுதான் உடைச்சேன். மிச்சம் ரெண்டுக்கு முந்தின ஷிஃப்ட் ரீடிங்கைப் பார்த்து, அதை ஒட்டி ரெண்டு நம்பரை எழுதிட்டேன். எல்லாரும் அப்படித்தான் செய்வாங்கன்னு பக்கத்துல இருந்த ஆபரேட்டர் அண்ணன் சொன்னார். ஆனா பேனா என் கையிலதான் இருந்தது. இதை ஞாபகம் வச்சுக்கோங்க, திரும்ப வர்றேன்.

அதே வாரம் ரூம்மேட் ஒரு வீடியோ காட்டினான். அமெரிக்காவுல ஒருத்தர் வீட்டுலயே மருந்தை எடைபோட்டு, தோட்டாவைத் தானே நிரப்பி, எடை குறைஞ்ச ஒரு குட்டி ரிவால்வர்ல சுட்டு, குரோனோகிராஃப்ல வேகம் பார்க்கறார். (நம்ம நாட்டுல லைசென்ஸ் இல்லாம இதைத் தொட்டாலே கம்பி எண்ணணும், அதனால வீடியோவோட நிறுத்திக்கலாம்.) மருந்தைக் கொஞ்சம் கூட்டினாலும் வேகம் மாறுது. துப்பாக்கி லேசா இருக்கறதால கை பயங்கரமா உதறுது. அந்த உதறல்ல, இன்னும் சுடாத தோட்டாக்களோட ஈயத் தலை உறையிலிருந்து முன்னாடி நகர்ந்து, உருளை சுத்தாம மாட்டிக்கவும் செய்யுமாம். அதனாலதான் புத்தகத்துல இருக்கற அட்டவணையை நம்பாம, தன் துப்பாக்கியில தானே அளந்து பார்க்கறார்.

நான் யோசிச்சது வேற. குரோனோகிராஃப் இல்லாத காலத்துல இதை யார் அளந்தாங்க? தேடினா பெஞ்சமின் ராபின்ஸ்னு ஒரு பேர் வந்தது. ஃபர்ஸ்ட் இயர் ஃபிசிக்ஸ்ல பாலிஸ்டிக் பெண்டுலம் கணக்கு போட்டிருப்பீங்களே, அதைக் கண்டுபிடிச்சவர். அவர் இறந்த ஊர் எதுன்னு பார்த்தப்பதான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். கடலூர். நம்ம கடலூர்.

ராபின்ஸ் 1707-ல் இங்கிலாந்தின் பாத் நகரில் பிறந்தார். க்வேக்கர் குடும்பம். போர், ஆயுதம் எதுவுமே கூடாதுன்னு சொல்ற கிறிஸ்தவப் பிரிவு அது. அந்த வீட்டுப் பிள்ளைதான் பின்னாடி பீரங்கி சயின்ஸுக்கே அஸ்திவாரம் போட்டார். அப்பா தையல்காரர், வசதி கிடையாது. கணக்கு மட்டும் அபாரமா வந்தது. லண்டன் போய் பெம்பர்ட்டன் என்ற அறிஞரின் ஆதரவைப் பிடிச்சார். நியூட்டனோட பிரின்சிபியா மூன்றாம் பதிப்பைப் பதிப்பிச்சவர் அந்தப் பெம்பர்ட்டன். 1727-ல், இருபது வயசுல, ராபின்ஸ் ராயல் சொசைட்டி உறுப்பினர். நாம அந்த வயசுல அரியர் கிளியர் பண்ணிட்டு இருந்தோம்.

டியூஷன் எடுத்தார். பாலம், மாவு மில், துறைமுகம்னு இன்ஜினியரிங் வேலை பார்த்தார். நடுவுல அரசியலும் உண்டு, பிரதமர் வால்போலைத் தாக்கித் துண்டுப் பிரசுரங்கள் எழுதினார். 1741-ல் வூலிச் ஊரில் ராணுவ அகாடமி தொடங்கினப்ப அங்கே பேராசிரியர் வேலைக்கு முயற்சி பண்ணார். கிடைக்கல. பிளேஸ்மென்ட்ல கடைசி ரவுண்ட் வரைக்கும் போய்த் திரும்பினவங்களுக்கு அந்த வலி தெரியும். அவர் அந்த வேலைக்காகத் தயார் பண்ணின விஷயங்களையே புத்தகமாக்கி 1742-ல் வெளியிட்டார். பீரங்கி இயலின் புதிய கோட்பாடுகள் என்பது தலைப்பு.

அதுல என்ன புதுசு? அதுவரைக்கும் பீரங்கிக்காரங்க கலிலியோவின் பரவளையத்தை வச்சுத்தான் கணக்கு போட்டாங்க. காத்தோட தடையைப் பெருசா யாரும் எடுத்துக்கல, கனமான ஈயக் குண்டைக் காத்து என்ன பண்ணிடும்னு ஒரு நினைப்பு. குண்டு வாயை விட்டுக் கிளம்புற வேகத்தை நேரடியா அளக்க வழி இல்லாததால அந்த நினைப்பு தப்புன்னு காட்டவும் முடியல.

ராபின்ஸ் செய்தது இவ்வளவுதான். இரும்புச் சட்டத்துல ஒரு மரக்கட்டையைப் பொருத்தி ஊசல் மாதிரி தொங்கவிட்டார். மொத்தம் 56 பவுண்டுக்குக் கொஞ்சம் மேல், ஏறக்குறைய 25 கிலோ. கட்டையின் அடியில ஒரு ரிப்பன். கட்டை பின்னாடி ஆடும்போது ரிப்பன் இழுபட்டு வெளியே வரும், எவ்வளவு வந்ததுன்னு அளந்தா ஆட்டத்தோட அளவு தெரியும். குண்டு ஒரு பவுண்டில் பன்னிரண்டில் ஒரு பங்கு, சுமார் 38 கிராம். சுட்டா குண்டு கட்டைக்குள்ள பாய்ஞ்சு நின்னுடும். மொமென்டம் எங்கேயும் போகாது. கண்ணுக்கே தெரியாத வேகம், கட்டையும் குண்டும் சேர்ந்து நகர்ற மெதுவான வேகமா மாறிடும். ரிப்பன் பதினேழே கால் அங்குலம் வந்த ஒரு சோதனையில அவர் கணக்கிட்ட வேகம் நொடிக்கு 1641 அடி. இன்றைய கணக்குல 500 மீட்டர். ஒலியை விட வேகம்! ஒரு மரக்கட்டை, ஒரு ரிப்பன்.

கட்டையைத் துப்பாக்கிக்கு ரொம்பப் பக்கத்துல வச்சா மருந்தோட வெடிக்காத்தே கட்டையைத் தள்ளி ரீடிங்கைக் கெடுத்துடும். அதையும் கவனிச்சு, தள்ளி வச்சு சுட்டார். இன்னொரு சோதனையில துப்பாக்கிக் குழலையே ஊசல்ல கட்டி, குண்டு போட்டும் போடாமலும் சுட்டு, பின்னுதைப்பை அளந்தார். ரிவால்வர்காரரோட கையை உதறவிட்டது அதே விஷயம்தான்.

இப்ப அந்தப் பரவளையத்துக்கு வருவோம். நொடிக்கு 1700 அடி வேகத்துல, 45 டிகிரியில ஒரு மஸ்கட் குண்டைச் சுட்டா, காத்துத் தடை இல்லாத கணக்குப்படி அது 17 மைல் போகணும். ஒரகடம் ஜங்ஷன்ல நின்னு சுட்டா தாம்பரத்தையும் தாண்டி விழணும். உண்மையில அது அரை மைல்கூடப் போறதில்லை. நூறு வருஷமா படிச்சவங்க நம்பின கணக்கு, நிஜத்துக்கு முப்பது மடங்குக்கு மேல தப்பு.

ஒலியின் வேகத்தை நெருங்கும்போது காத்துத் தடை திடீர்னு எகிறுதுன்னும் அவர்தான் முதல்ல பார்த்தார். குழலோட நுனியை இடப்பக்கம் லேசா வளைச்சு, வழியில மெல்லிய தாள் திரைகளைக் கட்டிச் சுட்டார். குண்டு முதல்ல இடப்பக்கம் கிளம்பி, போகப்போக வலப்பக்கம் திரும்பியது. காரணம் குண்டின் சுழற்சி. ஸ்பின்னர் போடற பால் காத்துலயே டிரிஃப்ட் ஆகுதே, அதே கதை. இதுக்கு இன்னிக்கு மேக்னஸ் எஃபெக்ட்னு பேர். மேக்னஸ் வந்தது நூறு வருஷம் கழிச்சு. என்னைக் கேட்டா பேரை மாத்தணும்.

அதே 1707-ல் பிறந்த ஆய்லர், ஆமா அதே மேத்ஸ் பேப்பர் ஆய்லர்தான், 1745-ல் இந்தப் புத்தகத்தை ஜெர்மனில மொழிபெயர்த்து, மூலத்தைவிடப் பல மடங்கு பெரிய உரையும் எழுதினார். சுழற்சி விஷயத்தை மட்டும் அவர் ஒத்துக்கல, குண்டு சரியான உருண்டையா இருந்திருக்காதுன்னார். அங்கே ஆய்லர்தான் தப்பு. 1746-ல் ராபின்ஸுக்குக் காப்ளி மெடல் கிடைச்சது.

இவ்வளவு பெரிய ஆள் கடலூருக்கு ஏன் வந்தார்? 1746-ல் பிரெஞ்சுக்காரங்க சென்னைக் கோட்டையைப் பிடிச்சுட்டாங்க. ஒப்பந்தப்படி 1749-ல் திரும்பக் கொடுத்தாங்க. கோட்டை எவ்வளவு பலவீனம்னு கிழக்கிந்தியக் கம்பெனிக்குப் புரிஞ்சுபோச்சு. அப்ப கம்பெனியின் தென்னிந்தியத் தலைமையிடமே கடலூரின் செயின்ட் டேவிட் கோட்டைதான். தலைமை இன்ஜினியரா ராபின்ஸை நியமிச்சாங்க. 1749 கடைசியில கப்பலேறி, 1750 ஜூலையில வந்து இறங்கினார். சில வாரங்கள்லயே காய்ச்சல். தேறி எழுந்து, கடலூர், சென்னை ரெண்டு கோட்டைக்கும் பிளான் போட்டார். உடம்பு தாங்கல. 1751 ஜூலை 29-ம் தேதி, 44 வயசுல, கோட்டையிலேயே இறந்தார். கம்பெனிக்கு ரிப்போர்ட் எழுதிக்கிட்டே, கையில பேனாவோட இறந்தார்னு ஒரு பேச்சு உண்டு.

அடுத்த மாசமே கிளைவ் சென்னையிலிருந்து கிளம்பி, காஞ்சிபுரம் வழியா ஆற்காட்டைப் பிடிக்கப் போனான். அதுக்கப்புறம் நடந்தது பள்ளிக்கூடப் புத்தகத்துல இருக்கு. ராபின்ஸை எனக்குப் பிடிச்சிருக்கு, ஆனா அவர் யாருக்கு வேலை பார்க்க வந்தார்ங்கறதும் உறுத்துது. ரெண்டையும் சேர்த்துத்தான் எழுத முடியுது.

இதையெல்லாம் படிச்சது ஒரு ஞாயித்துக்கிழமை. திங்கட்கிழமை ஷிஃப்டுக்குப் போனதும் அந்த உடைக்காத ரெண்டு துண்டையும் தேடி எடுத்து உடைச்சேன். ஒண்ணு நான் எழுதின நம்பருக்குப் பக்கத்துல வந்தது. இன்னொண்ணு அதுல பாதிகூட வரல. ரிஜிஸ்டர்ல பழைய எண்களை அடிச்சு, புதுசை எழுதி, கையெழுத்து போட்டுட்டு லேப் இன்சார்ஜ் கிட்ட போய்ச் சொன்னேன். செம திட்டு. ரெண்டு நாள் மூஞ்சியே குடுத்துப் பேசல. ஆனா அந்த லாட்டை நிறுத்தி வச்சு மறுபடி டெஸ்ட்டுக்கு அனுப்பினார்.

செயின்ட் டேவிட் கோட்டையை 1758-ல் பிரெஞ்சுக்காரங்க பிடிச்சு இடிச்சுட்டாங்க. தேவனாம்பட்டினம் பக்கம், கெடிலம் ஆத்தோரம் மிச்சம் மீதி கொஞ்சம் நிக்குது. கடலூர் பசங்க யாராவது இதைப் படிச்சா, அடுத்த தடவை ஊருக்குப் போறப்ப ஒரு போட்டோ எடுத்து மேகசின் குரூப்ல போடுங்க.