பட்டம் துறந்த இளவரசர்



வலுத்தவன் பிழைப்பான், இளைத்தவன் அழிவான். இதுதான் இயற்கைச் சட்டம்னு நம்மில் பலரும் நம்பிக்கிட்டிருக்கோம். இது பாதி உண்மைதான் என்று ஆதாரத்தோடு எழுதியவர் ரஷ்யாவின் பீட்டர் கிரபோட்கின்.

1842-ல் மாஸ்கோவில் இளவரசராகப் பிறந்தவர். அப்பாவிடம் ஆயிரத்துக்கும் மேற்பட்ட பண்ணையடிமைகள். சின்ன வயசிலேயே அம்மா இறந்துபோக, தாயில்லாப் பிள்ளைகளிடம் பாசம் காட்டியவர்கள் அந்த அடிமைகள்தான். பன்னிரண்டு வயதிலேயே இளவரசர் என்ற பட்டத்தைப் போட்டுக்கொள்வதை நிறுத்திவிட்டார்.

ஜார் மன்னரின் ராணுவப் பள்ளியில் சிறந்த மாணவர். நினைச்சிருந்தா அரண்மனையிலேயே சொகுசா இருந்திருக்கலாம். அவரோ 1862-ல் சைபீரியாவுக்குப் போனார். டார்வின் புத்தகத்தைப் படித்துவிட்டு, ஒரே இன விலங்குகள் ஒன்றோடொன்று அடிச்சுக்கும் காட்சியைத் தேடினார். பார்த்தது வேறு. பெரும்பனிக்குத் தப்பி, ஆயிரக்கணக்கான மான்கள் ஒன்றாகத் திரண்டு அமூர் நதியைக் கடந்தன!

1871-ல் ரஷ்ய புவியியல் கழகத்தின் செயலாளர் பதவி தேடி வந்தது. பசித்த மக்கள் நடுவே தனக்கு மட்டும் அந்த சுகம் எதற்கு என்று மறுத்தார். தொழிலாளர்களிடம் ரகசியமாகப் பிரசாரம் செய்ததால் 1874-ல் சிறை. 1876-ல் சிறை மருத்துவமனையிலிருந்து தப்பினார். பக்கத்து வீட்டில் ஒருவர் வயலின் வாசித்துச் சைகை கொடுக்க, வெளியே வண்டியோடு நண்பர்கள் காத்திருந்தார்கள். தனியாளாக முடிகிற காரியமா அது?

1888-ல் இங்கிலாந்து விஞ்ஞானி ஹக்ஸ்லி, வாழ்க்கையே ஓயாத சண்டை என்கிற மாதிரி எழுதினார். அதற்குப் பதிலாக 1890 முதல் கிரபோட்கின் எழுதிய கட்டுரைகள் 1902-ல் 'பரஸ்பர உதவி' என்ற நூலாயின. அதில் பாதிக்கு மேல் மனிதர்களின் கதை. பழைய ஐரோப்பிய நகரங்களில் கைத்தொழில்காரர்கள் சங்கம் வைத்திருந்தார்கள். உறுப்பினர் நோயில் படுத்தால் மற்றவர்கள் முறை வைத்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். வீடு எரிந்தால் எல்லோரும் கைகொடுக்க வேண்டும். இப்படி, இரக்கம் என்பது தனி ஆளின் மனசோடு நின்றுவிடாமல் ஊர் வழக்கமானது. வழக்கத்தைப் பிள்ளைகளும் கற்றுக்கொண்டார்கள். ஏமாற்றுகிறவனுக்கு அபராதமும் அவமானமும் கிடைத்தால்தான் அந்த வழக்கம் நிலைக்கும் என்று இன்றைய ஆராய்ச்சியாளர்கள் சேர்த்துச் சொல்கிறார்கள்.

ஒரு கேள்வி மிச்சம் இருக்கு. நம்ம கூட்டத்துக்குள் ஒற்றுமை, அடுத்த கூட்டத்தோடு பகை என்றால்? 1914-ல் உலகப்போர் வந்தபோது அவரே ஜெர்மனிக்கு எதிரான அணியை ஆதரித்தார். பழைய தோழர்கள் பலர் மனம் வெறுத்துப் பிரிந்தார்கள். பெரியவர்களுக்கும் சறுக்கும்.

1917-ல் தாயகம் திரும்பி, 1921 பிப்ரவரி 8-ல் திமித்ரோவில் காலமானார்.

எங்க வீட்டில் முதன்முதலில் படிக்க வந்தவன் நான். அட்மிஷன் பணத்தில் பாதி, தெருக்காரர்கள் கைமாற்றாகக் கொடுத்தது. எந்தச் சட்டமும் அவர்களைக் கட்டாயப்படுத்தவில்லை. அது எங்க தெரு வழக்கம், அவ்வளவுதான். நண்பர்களே, நம்ம வகுப்பின் வழக்கம் எது? அரியர் வைத்தவனை விட்டுவிட்டு ஓடுவதா, உட்கார வைத்துச் சொல்லிக் கொடுப்பதா? நாம் எதைச் செய்கிறோமோ, அதைத்தான் அடுத்து வரும் ஜூனியர்களும் கற்றுக்கொள்வார்கள்.