எர்ன்ஸ்ட் ரஸ்கா

ஜெர்மனி நாட்டில் நெக்கர் ஆற்றங்கரையில் ஹைடல்பர்க் என்னும் பழம்பெரும் பல்கலைக்கழக நகரம் உள்ளது. அந்நகரில் 1906 ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 25 ஆம் நாள் எர்ன்ஸ்ட் ரஸ்கா பிறந்தார். அவர்தம் தந்தையார் அறிவியல் வரலாற்றில் வல்ல பேராசிரியர். அவருடைய படிப்பறையில் நுண்ணோக்கி ஒன்று இருந்தது. அதனைப் பிள்ளைகள் தொடலாகாது என்பது அவர் இட்ட கட்டளை. எப்பொழுதேனும் அவரே அழைத்துக் காட்டும்போது எர்ன்ஸ்டும் தம்பி ஹெல்முட்டும் கண்டு மகிழ்வர். பிற்காலத்தில் தமையன் பொறியியலும் தம்பி மருத்துவமும் கற்றனர்.

ஒளியைக் கொண்டு காட்டும் நுண்ணோக்கிக்கு ஓர் எல்லை உண்டு. ஒளியலையின் நீளத்தில் ஏறத்தாழப் பாதிக்கும் குறைந்த தொலைவில் இரு புள்ளிகள் இருப்பின், வில்லை எத்துணைச் செம்மையுடையதாயினும், அவற்றை அதனால் பிரித்துக் காட்ட இயலாது. ஆதலின் நோய் விளைக்கும் வைரசுகள் பெரும்பாலும் மனிதன் கண்ணுக்குத் தப்பியே வாழ்ந்தன.

கண்ணாடி வில்லை ஒளியைக் குவிப்பது போல, மின்சாரம் பாயும் கம்பிச்சுருள் எலெக்ட்ரான்களைக் குவிக்கும். இதனைப் பயன்படுத்தி 1931 இல் பெர்லின் தொழில்நுட்பக் கல்லூரியில் ரஸ்காவும் மாக்ஸ் க்னோலும் ஒரு கருவி அமைத்தனர். அது பொருளை ஏறத்தாழ 17 மடங்கே பெருக்கிற்று. அதனை ஒரு நல்ல கைக்கண்ணாடியும் செய்யுமன்றோ! ஆயினும் எலெக்ட்ரானின் அலை ஒளியலையினும் நூறாயிரம் மடங்கு குறுகியது என்று கணக்கிட்டறிந்த பின் ரஸ்காவின் ஊக்கம் பெருகிற்று. 1933 இல் அவர் இயற்றிய இரண்டாம் கருவி ஒளி நுண்ணோக்கியின் எல்லையைக் கடந்தது.

அறிஞர் பலர் அதனை நம்பவில்லை. அவர்கள் கூறிய தடைகள் வீணானவையும் அல்ல. எலெக்ட்ரான்கள் வெற்றிடத்திலேயே தடையின்றிச் செல்லும். உயிர்ப்பொருளோ மென்மையானது, நீர் நிறைந்தது. வெற்றிடத்தில் நீர் ஆவியாகிவிடும்; எஞ்சியதை எலெக்ட்ரான் கற்றை எரித்துவிடும். ரஸ்கா வைத்த பருத்தி இழைகளும் உண்மையாகவே கருகிப்போயின. ஆனால் அவர் ஒன்று கண்டார். மிக மெல்லிய பொருள் எலெக்ட்ரான்களை உட்கொள்வதில்லை. பெரிதும் சிதறவே செய்கிறது. சிதறலாலேயே உருவம் தோன்றும். பொருளும் மிகுதியாகச் சூடேறாது. எரியும் என்ற தடைக்கு இவ்வாறு விடை கிடைத்தது. உலரும் என்ற தடை நின்றது.

பொருளுதவிக்கோ மூன்றாண்டுகள் அலைய நேர்ந்தது. அக்காலத்தில் தொலைக்காட்சிக் கருவி செய்யும் நிறுவனம் ஒன்றில் அவர் பணியாற்றினார். 1936 இல் தம்பியின் ஆசிரியராகிய மருத்துவப் பேராசிரியர் சீபெக், இக்கருவி நோய்க்காரணங்களைக் காட்டவல்லது என்று எழுதித் தந்த கருத்துரையே சீமென்ஸ் நிறுவனத்தின் கதவைத் திறந்தது. 1939 இல் கருவி விற்பனைக்கு வந்தது. புகையிலைத் தேமல் வைரசைக் கோல் வடிவில் காட்டிய படமும் அவ்வாண்டே வெளிவந்தது. அதனை வெளியிட்டோருள் ஹெல்முட்டும் ஒருவர். எனினும் அக்கோல்கள் உலர்ந்தவையே. 1942 இல் ரஸ்கா, பொருளைச் சுற்றிச் சிறிது வளியழுத்தம் இருக்கச் செய்து படம் பிடிக்கும் முயற்சியைக் கட்டுரையாக வெளியிட்டார். ஹெல்முட்டின் ஆய்வுக்கூடம் 1944 இல் வான்குண்டு வீச்சில் அழிந்தது.

1973 இல் தம்பி மறைந்தார். 1986 இல் இயற்பியலுக்கான நோபெல் பரிசில் பாதி ரஸ்காவுக்குக் கிடைத்தது. அப்போது அவருக்கு அகவை எண்பதை எட்டிக்கொண்டிருந்தது. 1988 மே மாதத்தில் அவர் பெர்லினில் காலமானார்.

நீரை நீராகவே வைத்துக் காணும் முயற்சி அவருக்குப் பின்னும் தொடர்ந்தது. சிலிக்கன் நைட்ரைடு என்னும் பொருளால் ஆகிய மிக மெல்லிய இரு சாளரங்களுக்கிடையே நீரை அடைத்து, வெற்றிடத்தின் நடுவே வைக்கும் முறை 2003 முதல் வளர்ந்து வந்துள்ளது. சோப்புத் திவலைகள் போலத் திரளும் மென்பொருள்கள் நீரில் உருக்கொள்வதை அறிஞர் இம்முறையால் நோக்குகின்றனர். அன்று பருத்தியைக் கருக்கிய கற்றை இன்று நீரின் மூலக்கூறுகளைச் சிதைக்கிறது, குமிழிகளும் எழுகின்றன. அதனால் அவர்கள் கற்றையை இயன்ற அளவு மங்கலாக்கி, தெளிவு குறைந்த படங்களைக் கொண்டே ஆராய்கின்றனர்.